வயல் மனையானதற்கு உழவன் மட்டுமா பொறுப்பு?

விளைநிலம் வீட்டு மனையாக மாறும்போதெல்லாம் பழி முதலில் விழுவது நிலத்தை விற்ற விவசாயியின் தலையில்தான். "நாலு காசு அதிகம் கிடைக்கிறது என்றதும் பாட்டன் பூட்டன் உழுத மண்ணை விற்றுவிட்டான்" என்று ஊர் பேசுகிறது. அரிசி விலை ஏறினால் பட்டணத்தாரும் அதையே சொல்கிறார்கள். விற்பதற்கு முன் அவன் எத்தனை வருடம் வரவு செலவு பார்த்தான், அந்தக் கணக்கில் யார் யார் கை வைத்தார்கள் என்று விசாரிப்பவர்கள் குறைவு.

இதை விளங்கிக்கொள்ள அமெரிக்காவில் நடந்த ஒரு வரலாறு பெரிதும் உதவும். நியூயார்க் நகருக்குக் கிழக்கே சுமார் 25 மைல் தூரத்தில், லாங் ஐலண்டு என்னும் நீண்ட தீவில், உருளைக்கிழங்கு விளைந்த வயல்களில் 1947 முதல் 1951 வரை 17,447 வீடுகள் எழுந்தன. லெவிட்டவுன் என்பது அந்தக் குடியிருப்பின் பெயர். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அமெரிக்கா முழுவதும் தோன்றிய புறநகர்க் குடியிருப்புகளுக்கு இதுவே முன்மாதிரி என்று கூறுவார்கள். வீடுகளைக் கட்டியவரைப் பற்றி ஏராளமாக எழுதியிருக்கிறார்கள். அங்கே உருளைக்கிழங்கு பயிரிட்டவர்களைப் பற்றி அவ்வளவாக எழுதவில்லை. சிறு விவசாயிகள் கவனிக்க வேண்டியது அந்தப் பகுதியைத்தான்.

மரமில்லாத சமவெளி

லாங் ஐலண்டு சுமார் 190 கிலோமீட்டர் நீளமுள்ள தீவு. அதன் மேற்குக் கோடி நியூயார்க் நகரத்தோடு சேர்ந்தது. அதை அடுத்து நாசோ மாவட்டமும், கிழக்கே சஃபோக் மாவட்டமும் உள்ளன. நாசோவின் நடுவே ஹெம்ப்ஸ்டெட் சமவெளி என்ற பரந்த புல்வெளி இருந்தது. வெகுதூரம் வரை மரமே இல்லாத அந்த வெளியில் ஓரிடத்தில் மட்டும் கொஞ்சம் மரங்கள் கூட்டமாக நின்றன. கடலின் நடுவே தீவு தெரிவதுபோல் தெரிந்ததால் அந்த இடத்துக்கு 'தீவு மரங்கள்' என்ற பொருளில் ஐலண்டு ட்ரீஸ் என்று பெயர் வந்தது. லெவிட்டவுன் எழுந்தது அந்த இடத்தில்தான்.

ஆடுமாடு மேய்ந்த வெளி பிறகு காய்கறியும் உருளைக்கிழங்கும் விளையும் நிலமாயிற்று. தண்ணீர் தேங்காத, பொலபொலப்பான மண். கிழங்கு பிடிக்க ஏற்றது. பக்கத்திலேயே நியூயார்க் சந்தை. ஜெர்மனி, போலந்து நாடுகளிலிருந்து வந்த குடும்பங்கள் பல இந்தத் தீவில் நிலம் வாங்கி, குடும்பத்தோடு உழைத்துப் பயிர் செய்தன. கெட்டுப்போன நிலம், தரிசு நிலம் என்று சொல்லித் தள்ளக்கூடிய இடமல்ல அது.

முதலில் வந்தது சாலை

வீட்டுக்காரர்கள் வருவதற்கு முன்பே சாலை வந்துவிட்டது. ராபர்ட் மோசஸ் என்ற அதிகாரியின் முயற்சியில் 1920-களின் இறுதியிலிருந்து லாங் ஐலண்டில் அகலமான கார் சாலைகள் போடப்பட்டன. நகரத்து மக்கள் கடற்கரைக்குப் போய்வர வேண்டும் என்பதற்காகப் போட்ட சாலைகள் அவை. வயல்களை நகரத்துக்குப் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்தியவையும் அவையே.

அடுத்து வந்தவை ஆலைகள். பெத்பேஜ், ஃபார்மிங்டேல் ஆகிய ஊர்களில் விமானத் தொழிற்சாலைகள் வளர்ந்தன. போர்க்காலத்தில் அவை இரவும் பகலும் ஓடின. ஆலையில் கிடைத்த கூலியை உருளைக்கிழங்கு வயலில் யாரும் கொடுத்துவிட முடியாது. சாலை வந்தால் நிலத்தின் மதிப்பு ஏறும், ஆலை வந்தால் கூலி ஏறும். இந்த இரண்டும் ஏறும்போது கிழங்கின் விலையும் அதே அளவுக்கு ஏறிவிடுவதில்லை. இந்த நெருக்கடி எப்படியிருக்கும் என்று நம் விவசாயிகளுக்கு விளக்கத் தேவையில்லை.

மண்ணுக்குள் ஒரு பகைவன்

இந்த நிலையில்தான் ஒரு புழு தலைகாட்டியது. 1941-ம் ஆண்டில் லெவிட்டவுனுக்கு அருகிலுள்ள ஹிக்ஸ்வில் பகுதியில், ஒரு வயலில் உருளைக்கிழங்குச் செடிகள் வளர்ச்சி குன்றிக் கிடந்ததை ஆராய்ந்தபோது, வேர்களில் முட்டைக்கூடு நூற்புழு இருப்பது தெரிந்தது. அமெரிக்காவில் இது கண்டறியப்பட்டது அதுவே முதல் முறை. பெண் புழு வேரில் ஒட்டிக்கொண்டு சாற்றை உறிஞ்சி உருண்டையாகப் பருக்கிறது. பொன் நிறமாக மாறுவதால் 'தங்க நூற்புழு' என்றும் இதற்குப் பெயர் உண்டு. குண்டூசித் தலை அளவே உள்ள அந்தக் கூட்டுக்குள் நூற்றுக்கணக்கான முட்டைகள் இருக்கும். பயிர் இல்லாவிட்டாலும் அவை மண்ணுக்குள் பல ஆண்டுகள் உயிரோடு காத்திருக்கும். மீண்டும் உருளைக்கிழங்கு வேர் பட்டால் பொரிந்து வெளிவரும்.

மண் எங்கெல்லாம் போகிறதோ அங்கெல்லாம் இந்தப் புழுவும் போகும். கலப்பையில் ஒட்டிய மண், சாக்கில் ஒட்டிய மண், விதைக்கிழங்கில் ஒட்டிய மண் ஒரு சிறிது போதும். எனவே 1944-ல் நியூயார்க் மாநிலம் தடைக்காப்பு விதிகளைக் கொண்டுவந்தது. 1948-ல் மத்திய அரசும் இதற்கென்றே தனிச் சட்டம் இயற்றியது. நாட்டின் மற்ற பகுதிகளைக் காக்க அவை தேவைதான். ஆனால் புழு பிடித்த நிலத்தை வைத்திருந்த விவசாயி என்ன செய்வான்? பழகிய பயிரைத் தொடர முடியாது. புதிய பயிருக்கு முதல் வேண்டும். எதிர்ப்புத் திறன் கொண்ட ரகங்கள் அப்போது அவன் கைக்கு வரவில்லை. பயிருக்குப் பயன்படாத நிலம் என்று பெயர் விழுந்தால், வாங்குகிறவன் சொல்வதே விலை.

புழு வந்ததால்தான் ஊர் எழுந்தது என்று சிலர் ஒரே வரியில் சொல்லிவிடுகிறார்கள். அது முழு உண்மையல்ல. இதே புழு 1961-ம் ஆண்டில் நமது நீலகிரியில், உதகமண்டலத்துக்கு அருகேயும் கண்டறியப்பட்டது. நீலகிரி விதைக்கிழங்கு வெளியே போவதற்கும் தடை வந்தது. விவசாயிகள் பெரும் சிரமப்பட்டார்கள். இருந்தும் உருளைக்கிழங்குச் சாகுபடி அங்கே அற்றுப்போகவில்லை. முத்தோரையில் உள்ள மத்திய உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிலையம் பாடுபட்டதன் பயனாகக் குஃப்ரி ஸ்வர்ணா போன்ற எதிர்ப்பு ரகங்கள் வந்தன. பயிர்ச் சுழற்சி பரவியது. புழு ஒன்றுதான் என்றாலும் முடிவு இரண்டாக இருந்தது. லாங் ஐலண்டில் பயிர் நோவுபட்ட நேரத்தில், ரொக்கத்தோடு ஒருவர் வாசலில் நின்றார் என்பதுதான் வித்தியாசம்.

வீடில்லாத போர்வீரர்கள்

வாசலில் நின்றவரை மட்டும் குறை சொல்வதும் நியாயமாகாது. போரில் அமெரிக்கப் படைகளில் பணியாற்றியவர்கள் ஏறத்தாழ 1 கோடியே 60 லட்சம் பேர். அவர்கள் திரும்பி வந்தபோது குடியிருக்க வீடில்லை. பெற்றோர் வீட்டில் ஒரே அறையில் மனைவி மக்களோடு நெருக்கியடித்துக்கொண்டு வாழ்ந்தவர்கள் பலர். இராணுவம் விட்டுச்சென்ற தகரக் கொட்டகைகளிலும் பலர் குடியிருந்தார்கள்.

1944-ல் ஜனாதிபதி ரூஸ்வெல்ட் கையெழுத்திட்ட படைவீரர் நலச் சட்டம், வீடு வாங்கும் படைவீரரின் கடனுக்கு அரசாங்கமே உத்தரவாதம் தரும் என்றது. கையில் முன்பணம் இல்லாமலேயே, நீண்ட காலத் தவணையில் வீடு வாங்க வழி பிறந்தது. 1944-ல் நாடு முழுவதும் கட்டத் தொடங்கிய தனி வீடுகள் 1,14,000 தான். 1950-ல் அது சுமார் 17 லட்சம் ஆயிற்று. அத்தனை வீடுகளுக்கும் மனை வேண்டும். நகரத்துக்கு அருகே மேடு பள்ளமில்லாமல், மரம் வெட்ட வேண்டிய தேவையும் இல்லாமல், பெரிய பரப்பாகக் கிடைக்கக்கூடிய இடம் எது? விவசாயி தலைமுறை தலைமுறையாகச் சமன் செய்து வைத்திருந்த வயல்தான். நல்ல வயலுக்குரிய குணங்கள் எல்லாம் நல்ல மனைக்கும் உரியவை. விளைநிலத்தின் துரதிர்ஷ்டம் அது.

ஒரு நாளில் முப்பது வீடு

ஆபிரகாம் லெவிட் என்ற தந்தையும், வில்லியம், ஆல்ஃபிரட் என்ற இரு மகன்களும் நடத்திய கம்பெனி ஐலண்டு ட்ரீஸ் வயல்களை வாங்கியது. 2,000 வாடகை வீடுகள் கட்டப்போவதாக 1947 மே மாதத்தில் அறிவித்தது. அக்டோபரில் முதல் குடும்பங்கள் குடியேறின. மாத வாடகை 60 டாலர். 1949 முதல் வீடுகள் 7,990 டாலருக்கு விற்பனைக்கு வந்தன.

கார்த் தொழிற்சாலையில் கார் நகர்ந்து செல்லும், ஆட்கள் நின்ற இடத்தில் நிற்பார்கள். இங்கே வீடு நின்றது, ஆட்கள் நகர்ந்தார்கள். ஒரு வீட்டைக் கட்டும் வேலையை இருபத்தைந்துக்கும் மேற்பட்ட படிகளாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு ஒரு வேலை என்று வகுத்தார்கள். தளம் போடும் குழு தளம் போட்டுக்கொண்டே அடுத்த மனைக்குப் போகும். பின்னாலேயே சட்டம் நிறுத்தும் குழு வரும். 60 அடிக்கு ஒரு குவியலாக மரம், குழாய், ஓடு ஆகியவற்றை லாரிகள் இறக்கிக்கொண்டே போயின. வேலை உச்சத்தில் இருந்தபோது ஒரு நாளில் 30-க்கும் மேற்பட்ட வீடுகள் முடிந்தன.

நிலவறை தோண்டாமல் நேராகத் தரையில் கான்கிரீட் தளம் போட்டதால் செலவும் நேரமும் மிச்சமாயின. ஹெம்ப்ஸ்டெட் நகர விதிகள் நிலவறை வேண்டும் என்றன. படைவீரர்கள் திரளாகப் போய்க் கேட்டார்கள். அந்த மே மாதத்திலேயே விதி திருத்தப்பட்டது. வீடு கேட்டவர்கள் ஒன்றாக நின்றார்கள், சட்டம் உடனே வளைந்தது. புழுவால் வாடிய விவசாயிக்காக இவ்வளவு விரைவில் எதுவும் வளையவில்லை. அவர்கள் எண்ணிக்கை குறைவு, ஒவ்வொருவரும் தனித்தனியே பேரம் பேசினார்கள்.

ஏக்கரில் விற்றவரும் மனையில் விற்றவரும்

ஒரு மனை 60 அடிக்கு 100 அடி, அதாவது 6,000 சதுர அடி. நம் கணக்கில் ஏறக்குறைய 13¾ சென்ட். ஒரு ஏக்கரில் இப்படி ஏழு மனை பிரிக்கலாம். சாலைக்கும் பொது இடத்துக்கும் கால் பங்குக்கு மேல் விட்டாலும் ஐந்து மனை நிச்சயம். மனை ஒன்றுக்கு 6,000 சதுர அடி என்று வைத்தால், 17,447 வீடுகளுக்கு மனையாகப் போனது மட்டும் 2,400 ஏக்கர். சாலை, பள்ளி, கடைத்தெரு, நீச்சல் குளம் எல்லாம் அதற்கு மேல்.

விவசாயி விற்றது ஏக்கரில். கம்பெனி விற்றது மனையில், அதுவும் வீட்டோடு சேர்த்து. கம்பெனியின் திறமையையும் உழைப்பையும் மறுப்பதற்கில்லை. ஆனால் அந்த லாபத்துக்கு அடிப்படையாக இருந்தவை மூன்று. சாலையை அரசாங்கம் போட்டது. வாங்குபவரின் கடனுக்கு அரசாங்கம் ஜாமீன் நின்றது. நிலத்தை விவசாயி சமன் செய்து வைத்திருந்தான். இந்த மூவரில் பிற்கால லாபத்தில் பங்கு இல்லாமல் போனவன் விவசாயி. அவனுக்குக் கிடைத்தது ஒரு முறை கிடைக்கும் தொகை. அவனுடைய பிள்ளைக்கு அந்த மண்ணில் இனி வேலை இல்லை.

குடியேறியவர்கள் எல்லாரையும் ஒரே கண்ணால் பார்த்தார்களா என்றால் அதுவும் இல்லை. வெள்ளையர் அல்லாதவர் இந்த வீடுகளில் குடியிருக்கக் கூடாது, வேலைக்காரராக வேண்டுமானால் இருக்கலாம் என்று ஒப்பந்தத்தில் எழுதியிருந்தார்கள். அதே போரில் அதே கொடியின் கீழ் போரிட்ட கறுப்பின வீரருக்கு அங்கே இடமில்லை. இத்தகைய நிபந்தனைகளைக் கோர்ட்டு மூலம் நிறைவேற்ற முடியாது என்று 1948-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆயினும் நடைமுறை மாறவில்லை. வீட்டு விற்பனையில் இனப் பாகுபாடு காட்டுவதைத் தடைசெய்யும் சட்டம் 1968-ல்தான் வந்தது. பொது நன்மைக்காகப் போகிறது என்று சொல்லி நிலம் கைமாறும்போது, அந்தப் பொதுவில் யார் யார் அடக்கம் என்று கேட்டாக வேண்டும்.

கிழங்குக்குப் பதில் புல்

உருளைக்கிழங்கு போன இடத்தில் ஒரு புதுப் பயிர் வந்தது. அது புல். வீட்டுக்கு முன்னால் பசும்புல் தரை கட்டாயம். வாரம் ஒரு முறை வெட்ட வேண்டும், வேலி போடக் கூடாது என்று விதி. மூத்தவர் ஆபிரகாம் லெவிட்டுக்குச் செடி கொடிகளில் ஆர்வம் அதிகம். வீட்டுக்கு வீடு பழமரங்கள் நடச் செய்ததோடு, தோட்டம் வளர்ப்பதுபற்றிக் குடியிருப்பாளர்களுக்காகப் பத்திரிகையில் எழுதியும் வந்தார். அவர் நல்ல எண்ணத்தோடு செய்த காரியம்தான். ஆனாலும் ஆயிரக்கணக்கான ஏக்கரில் விளைச்சல் போய், தண்ணீரும் உரமும் மட்டும் கேட்கும் பயிர் வந்தது என்பதைக் கவனிக்காமல் இருக்க முடியாது.

நிலத்தடி நீரின் கதி

லாங் ஐலண்டில் பெரிய ஆறு இல்லை. நாசோ, சஃபோக் மாவட்டங்கள் குடிப்பது முழுக்க முழுக்க நிலத்தடி நீர். வயலாக இருந்தபோது பெய்த மழை மண்ணில் இறங்கியது. கூரையும் தாரும் கான்கிரீட்டும் மூடியபோது அது சாலையில் ஓடிக் கடலில் சேரத் தொடங்கியது.

என்ன ஆகும் என்பதற்குப் பக்கத்திலேயே பாடம் இருந்தது. தீவின் மேற்குக் கோடியில் உள்ள புரூக்ளினில் அளவுக்கு மீறி இறைத்ததால் நிலத்தடி நீர்மட்டம் கடல் மட்டத்துக்கும் கீழே போய், உப்பு நீர் உள்ளே புகுந்தது. குடிநீருக்காக அங்கே இறைப்பது 1947-ல் நிறுத்தப்பட்டது. அதே ஆண்டில்தான் லெவிட்டவுன் தொடங்கியது.

பாடத்தை ஓரளவு கற்றுக்கொண்டார்கள் என்று சொல்ல வேண்டும். மழைநீரைச் சேர்த்து மண்ணுக்குள் இறக்குவதற்காக ஆங்காங்கே பெரிய பள்ளங்கள் வெட்டப்பட்டன. நாசோ, சஃபோக் இரண்டிலுமாக அவை இரண்டாயிரத்துக்கும் மேல். நம் ஊர் ஊருணியும் குட்டையும் செய்கிற வேலையை அவை செய்கின்றன. ஆனால் வீடுகளின் கழிவுநீர் முதலில் மண்ணுக்குள்ளேயே இறங்கி நிலத்தடி நீரைக் கெடுத்தது. அதைத் தடுக்கச் சாக்கடைக் குழாய் போட்டபோது, நீர் கடலுக்குப் போய் ஓடைகள் வற்றின. ஒன்றைச் சரிசெய்யப் போனால் இன்னொன்று கெட்டது. 1978-ல் இந்தத் தீவின் நிலத்தடி நீரே மக்களுக்கு ஒரே குடிநீர் ஆதாரம் என்று மத்திய அரசு அறிவித்துப் பாதுகாப்பு விதிகளைக் கொண்டுவந்தது.

இதில் விவசாயிகளும் குற்றமற்றவர்கள் அல்ல. கிழக்கே சஃபோக்கில் உருளைக்கிழங்குப் பூச்சிகளை ஒழிக்கப் போட்ட ஆல்டிகார்ப் என்ற மருந்து, 1979-ல் கிணற்று நீரில் இருப்பது தெரிந்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட கிணறுகளில் அனுமதித்த அளவுக்கு மேல் இருந்தது. அடுத்த ஆண்டே அந்த மருந்தின் விற்பனை அங்கே நிறுத்தப்பட்டது. மணற்பாங்கான மண்ணில் மேலே போடுவது கீழே இறங்கும். இது வீட்டுக்காரருக்கும் பொருந்தும், உழவனுக்கும் பொருந்தும்.

எஞ்சியவர்களை விரட்டிய வரி

விற்காமல் நின்ற விவசாயிகளின் நிலைமை என்ன ஆயிற்று? நாசோ மாவட்டத்தின் மக்கள்தொகை 1940-ல் 4 லட்சத்துக்குச் சற்று அதிகம். 1960-ல் அது 13 லட்சம். இருபது ஆண்டுகளில் மூன்று மடங்குக்கு மேல். வந்தவர்கள் எல்லாரும் இளம் தம்பதிகள். பிள்ளைகள் பெருகினார்கள், பள்ளிக்கூடங்கள் கட்ட வேண்டியிருந்தது. அந்த நாட்டில் பள்ளிக்கூடச் செலவில் பெரும் பகுதி உள்ளூர் சொத்து வரியிலிருந்துதான் வருகிறது. அந்த வரியை நிலம் என்ன விளைகிறது என்று பார்த்துப் போடுவதில்லை. சந்தையில் என்ன விலை போகும் என்று பார்த்துப் போடுகிறார்கள்.

ஆகவே பக்கத்து வயல் மனையாகி விலை ஏறினால், உழுதுகொண்டிருப்பவன் வயலுக்கும் வரி ஏறும். கிழங்கு விற்ற பணம் வரிக்கே பற்றாது. விற்க விரும்பாதவனையும் விற்கச் செய்கிற கணக்கு இது. அக்கம்பக்கத்தில் வீடுகள் வந்தபின் டிராக்டர் சத்தம், எரு நாற்றம், மருந்துப் புகை என்று புகார்கள் வேறு. உரம், கருவி விற்கும் கடைகளும் வாடிக்கை இல்லாமல் மூடிவிடும். விவசாயம் தனி ஒருவன் செய்கிற தொழிலாகத் தோன்றினாலும், பத்துப் பேர் சேர்ந்து நின்றால்தான் நிற்கும். நாசோவில் அது நிற்கவில்லை. அங்கே விவசாயம் இன்று பெயரளவுக்குத்தான் இருக்கிறது.

சஃபோக் கண்ட வழி

நாசோவில் நடந்ததைப் பார்த்துக்கொண்டிருந்த சஃபோக் மாவட்டம் விழித்துக்கொண்டது. விவசாயிகளுக்கு வெறும் உபதேசம் செய்து பயனில்லை என்று அதன் நிர்வாகிகள் உணர்ந்தார்கள். 1971-ல் நியூயார்க் மாநிலம், விவசாய வட்டாரம் என்று பதிவான நிலங்களுக்கு விளைச்சல் மதிப்பை வைத்து வரி போட வழிசெய்தது. 1974-ல் மாவட்டத் தலைவர் ஜான் கிளைன் காலத்தில் சஃபோக் ஒரு படி மேலே போய், அமெரிக்காவிலேயே முதன்முறையாகக் கட்டும் உரிமையை விவசாயியிடமிருந்து விலைக்கு வாங்கும் சட்டத்தைக் கொண்டுவந்தது. முதல் கொள்முதல் 1977-ல் நடந்தது.

இதன் முறை எளிது. உதாரணத்துக்கு, ஒரு நிலம் மனையாக விற்றால் 100 ரூபாய் பெறும், பயிர் நிலமாகவே விற்றால் 30 ரூபாய் பெறும் என்று வைத்துக்கொள்வோம். இடையில் உள்ள 70 ரூபாய் என்பது அதன்மேல் வீடு கட்டும் உரிமையின் விலை. அந்த 70 ரூபாயை மாவட்டம் விவசாயிக்குக் கொடுத்துவிடும். நிலம் அவன் பெயரிலேயே இருக்கும். உழலாம், பிள்ளைக்குக் கொடுக்கலாம், இன்னொரு விவசாயிக்கு விற்கவும் செய்யலாம். மனை மட்டும் பிரிக்க முடியாது. இந்த நிபந்தனை யார் கைக்குப் போனாலும் நிலத்தோடு போகும். கட்டாயம் ஏதும் இல்லை, விருப்பமுள்ளவர் விற்கலாம். கடனை அடைக்கவும், கருவி வாங்கவும், வாரிசுகளுக்குப் பங்கு கொடுக்கவும் நிலத்தை இழக்காமலேயே பணம் கிடைத்தது.

இப்படிப் பத்தாயிரம் ஏக்கருக்கும் மேல் அங்கே காப்பாற்றப்பட்டிருக்கிறது. உருளைக்கிழங்கே இன்னும் விளைகிறது என்று சொல்ல முடியாது. 1973-ல் ஒரு கிழங்கு வயலில் முதல் திராட்சைத் தோட்டம் போடப்பட்டது. பிறகு பல வயல்கள் திராட்சைக்கும் நாற்றுப் பண்ணைக்கும் மாறின. பயிர் மாறினாலும் மண் மண்ணாக இருக்கிறது, மழை உள்ளே இறங்குகிறது.

குறைகளும் உண்டு. காலம் தாழ்த்தத் தாழ்த்த மனை விலை ஏறுவதால், உரிமையை வாங்க மாவட்டம் கொடுக்க வேண்டிய தொகையும் ஏறிக்கொண்டே போகிறது. நாசோவில் இதை 1946-ல் செய்திருந்தால் கொஞ்சப் பணத்தில் முடிந்திருக்கும். அப்போது யாருக்கும் தோன்றவில்லை. தோன்றியபோது வாங்குவதற்கு வயல் இல்லை.

நாம் கேட்க வேண்டியது

இந்த வரலாற்றிலிருந்து தமிழக விவசாயி தெரிந்துகொள்ள வேண்டியவை சில உண்டு. புறவழிச் சாலைக்குக் கல் நட்டவுடனேயே அந்தப் பக்கத்து நிலத்தின் தலையெழுத்து மாறத் தொடங்கிவிடும். ஏக்கர் விலை பேசவருகிறவர் மனசுக்குள் மனை விலையைக் கணக்குப் போட்டுத்தான் வருகிறார். விற்றே ஆக வேண்டிய நிலைமை வந்தால், விவசாயியும் அதே கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும். முன்பணத்தை வாங்கிக்கொண்டு அவசரத்தில் பவர் பத்திரம் எழுதிக் கொடுக்கக் கூடாது. பயிர் நோவுபட்ட வருடத்தில், கடன்காரன் வந்து நிற்கும் மாதத்தில் பேசும் விலை ஒருநாளும் நியாய விலை ஆகாது. பக்கத்து நிலத்துக்காரர்கள் சேர்ந்து பேசினால் விலையும் நிற்கும், விற்காமல் இருக்கும் தைரியமும் வரும்.

விவசாயி ஜாக்கிரதையாக இருந்தால் மட்டும் போதாது. அரசாங்கமும் தன் பங்கைச் செய்ய வேண்டும். காவிரி டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக அறிவித்து 2020-ல் சட்டம் இயற்றப்பட்டது. எண்ணெய், எரிவாயு எடுத்தல், உருக்காலை, தோல் பதனிடும் ஆலை போன்ற தொழில்களைப் புதிதாகத் தொடங்க அது தடை விதித்தது. வரவேற்க வேண்டிய சட்டம். ஆனால் அப்போது வெளியிட்ட தடைப் பட்டியலில் வீட்டு மனைப் பிரிவு இடம்பெறவில்லை. லாங் ஐலண்டின் வயலை அழித்தது எண்ணெய்க் கிணறு அல்ல, இரும்பு ஆலையும் அல்ல. படுக்கையறையும் சமையலறையும் உள்ள சாதாரண வீடுதான்.

அப்படியென்றால் மனை பிரிப்பதையும் ஒரே கையெழுத்தில் தடைசெய்துவிடலாமே என்று சிலர் கேட்கலாம். விலை கொடுக்காமல் தடைசெய்தால், ஊருக்குச் சோறும் தண்ணீரும் வேண்டும் என்பதற்காகச் சிறு விவசாயி ஒருவன் மட்டும் நஷ்டப்பட வேண்டியிருக்கும். மகள் கல்யாணத்துக்கும் மருத்துவச் செலவுக்கும் அவனுக்கு இருக்கும் ஒரே கைம்முதல் நிலத்தின் விலைதான். அதைப் பறித்துவிட்டு 'நீ உழுதுகொண்டிரு' என்று சொல்வது அநியாயம். வயல் வயலாகவே இருப்பதால் பலன் அடைவது ஊர் முழுவதும். எனவே விலையையும் ஊர் முழுவதும் பகிர்ந்து கொடுக்க வேண்டும். சஃபோக்கின் சட்டத்தில் உள்ள நியாயம் இதுதான்.

நகரங்களைச் சுற்றியுள்ள பாசன நிலங்களில், ஏரி ஆயக்கட்டுகளில் இதைச் சிறிய அளவிலாவது தொடங்கிப் பார்க்கலாம். ஒரு ஏரியின் கீழ் உள்ள விவசாயிகள் சேர்ந்து விருப்பம் தெரிவித்தால், அந்த ஆயக்கட்டின் கட்டும் உரிமையை அரசு விலைக்கு வாங்கட்டும். மனைப் பதிவில் வரும் வருமானத்தில் ஒரு பங்கை இதற்கென்று ஒதுக்கட்டும். வயலை மனையாக்குவதில் வரும் பணம் எஞ்சிய வயலைக் காக்கப் பயன்படுவது முறைதானே!

வீடு எல்லாருக்கும் வேண்டும். அதை மறுப்பவர் யாரும் இல்லை. அது எந்த மண்ணில் வர வேண்டும், யாருடைய செலவில் வர வேண்டும் என்பதில்தான் பேச்சு. உழவர் சங்கங்கள் கரும்பு விலைக்கும் நெல் கொள்முதல் விலைக்கும் குரல் கொடுப்பதுபோல, நிலத்தை நிலமாகவே வைத்திருப்பதற்கும் ஒரு விலை கேட்க வேண்டும். ஏரிக் கரைக்கு அந்தப் பக்கம் மனைக்கல் நட்டபிறகு கேட்டால் விலை கொடுக்க யாராலும் முடியாது. கல் நடுவதற்கு முன்பே கேட்க வேண்டும்.